ரோஜாவுக்குக் கவாத்து எப்போது?

"செயலாளர் பாய், ரோஜாச் செடி பூக்கவே மாட்டேங்குது, வெட்டி விடலாமா?" என்று அலுவலகம் வரும் தாய்மார்கள் கேட்பதுண்டு. வெட்டலாம். எப்போது வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். உம்மா நட்டு வைத்த பன்னீர் ரோஜா எங்கள் முற்றத்தில் பல வருடம் நின்றது. ஓர் ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, விடுமுறை கிடைத்ததே என்று வெட்டிவிட்டேன். வெட்டிய முனைகளில் ஈரம் இறங்கி, கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக்கொண்டே வந்தன. நுனிக்கருகல் என்பார்கள். தை பிறப்பதற்குள் செடி போய்விட்டது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நம் சமவெளிப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக் காலம் என்பார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். ஆகவே காலண்டரைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள். மழை ஓய்ந்து, சில நாள் நல்ல வெயில் காய்ந்த பிறகு வெட்டுங்கள். கடலோர ஊர்களில் டிசம்பர் வரை பொறுப்பது என் வழக்கம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒட்ட வெட்டவே கூடாது. இலை நிழல் இல்லாத தண்டு வெந்துவிடும். நட்டு ஒரு வருடம் ஆகாத செடியையும் விட்டுவிடுங்கள்.

வெட்டும்போது காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் முதலில் போகட்டும். பிறகு, போன பருவத்தில் வளர்ந்த கிளைகளைப் பாதியளவு குறைக்கலாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தின் உட்பகுதி பழுப்பாக இருந்தால், வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே வெட்ட வேண்டும். உரக்கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்து முனைகளில் தடவினால் பூஞ்சை ஏறாது. ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத் துளிரை எந்த மாதமானாலும் அடியோடு எடுத்துவிடுங்கள்.

வெட்டி ஆறேழு வாரத்தில் பூ வரும். வீட்டில் நிக்காஹ் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கில் பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம். உதிர்ந்த பூவின் காம்பைக் கிள்ளி விடுவதற்கு மட்டும் காலமே பார்க்க வேண்டாம்.