நீர்க்கடுப்பு 'சூடு' என்று சும்மா இருக்காதீர்கள்!
மயக்க மருந்தை போதைக்கு எடுத்தால் சிறுநீர்ப்பை சுருங்கும், டாக்டர்கள் எச்சரிக்கை

தொப்பூர்,

பெங்களூர்-சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் என்றாலே லாரி டிரைவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதி 2020 டிசம்பரில் 4 பேரும், 2024 ஜனவரியில் 4 பேரும் பலியானார்கள்.

இதுபோன்ற விபத்துகளில் கை, கால் நசுங்கி வருகிறவர்களுக்கு எலும்பை நேராக்க டாக்டர்கள் பயன்படுத்தும் மயக்க மருந்துகளில் ஒன்று 'கெட்டமைன்'. சரியான அளவில் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழாது. 1962-ல் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட இந்த மருந்து, வியட்நாம் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் கைகொடுத்தது.

அதே மருந்தை சிலர் போதைக்காகத் திருட்டுத்தனமாக எடுக்கிறார்கள். விளைவு விபரீதம்!

நடிகர் சாவு

'பிரண்ட்ஸ்' டெலிவிஷன் தொடரில் நடித்த அமெரிக்க நடிகர் மாத்யூ பெர்ரி (வயது 54), 2023 அக்டோபர் 28-ந் தேதி வீட்டு வெந்நீர்த் தொட்டியில் பிணமாகக் கிடந்தார். கெட்டமைன்தான் காரணம் என்று பிரேத பரிசோதனையில் தெரிந்தது. 2 டாக்டர்கள் உள்பட 5 பேர் மீது வழக்கு பாய்ந்தது. 5 பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இதை எடுத்தவர்களுக்கு கண் திறந்திருக்கும், உடம்பு மரத்துப் போகும். நடப்பது எதுவும் புரியாது. இந்த நிலையில் வண்டி ஓட்டினால் கதி என்ன? சொல்லவே வேண்டாம்.

சுருங்கும் சிறுநீர்ப்பை

அடிக்கடி எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2007-ம் ஆண்டு ஹாங்காங் டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மருந்து சிறுநீரோடு வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. பை சுருங்குகிறது. அடிக்கடி சிறுநீர் வரும். கடுக்கும். ரத்தமும் போகும்.

நம் ஊரில் என்ன நடக்கும்? "உடம்பு சூடு, மோர் குடி, இளநீர் குடி" என்பார்கள். லாரி ஓட்டுகிறவர் என்றால் "என்ஜின் சூடு" என்று விட்டுவிடுவார்கள். வாலிபரும் வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டார். வலி தாங்காமல், வலியை மறக்க அதே மருந்தையே மறுபடி எடுப்பார். புண் இன்னும் பெரிதாகும். முற்றினால் சிறுநீர்ப்பையையே ஆபரேஷன் செய்து அகற்ற வேண்டி வரும்.

ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பலருக்கு குணம் தெரியும். எல்லா நீர்க்கடுப்பும் போதையால் வருவதல்ல. ஆனால் விடாமல் வந்தால் டாக்டரிடம் போய் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சை என்ன?

இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் முறிக்க ஊசியோ மாத்திரையோ கிடையாது. மனநல டாக்டரின் ஆலோசனை, தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மருந்து, குடும்பத்தாரின் ஆதரவு, மாதக்கணக்கில் தொடர் கவனிப்பு ஆகியவைதான் வழி. சிறுநீர்ப்பைக்குத் தனி சிகிச்சை வேண்டும். தமிழக அரசு 2025-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. 14446 என்ற எண்ணுக்கு போன் செய்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

போலீஸ் பயமா?

"டாக்டரிடம் சொன்னால் போலீஸ் பிடிக்குமோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2011 முதல் கெட்டமைன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடத்தினால் கடுஞ்சிறைதான். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது. ஆனால், பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால், வழக்கில் இருந்து விலக்கு பெற அதே சட்டத்தில் 64-ஏ பிரிவு இடம் தருகிறது.

எனவே வீட்டில் பிள்ளை அடிக்கடி கழிவறைக்கு ஓடினால், அடிப்பதும் திட்டுவதும் வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து விசாரியுங்கள். மோர் கொடுப்பதோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள்!