தாய்மாரின் நடுவயது மறதி

மறதி மக்கள் யாவர்க்கும் பொது. மாணவன் நேற்றுப் படித்த பாடத்தை இன்று மறக்கிறான். வணிகர் கொடுத்த கடனை மறவாவிடினும் வாங்கிய கடனை மறப்பதுண்டு. இவற்றையெல்லாம் நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஆயினும் நாற்பத்தைந்து, ஐம்பது பிராயத்தை எட்டிய ஒரு தாய், "என் புத்திக்கு என்ன நேர்ந்தது?" என்று தனக்குள்ளே அஞ்சும் மறதி ஒன்று உண்டு. அதனைப்பற்றி நம் வீடுகளில் எவரும் பேசுவதில்லை. அவளும் வாய் திறப்பதில்லை. பேசாமையினால் விளையும் துன்பம் பெரிதாதலின், அதனையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஏறாவூரில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கிழக்கிலங்கை வழக்கப்படி வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்கிறது. தமிழர் இல்லமாயினும் முஸ்லிம்கள் இல்லமாயினும், குடும்பம் பெண்ணைச் சுற்றியே அமைகிறது. ஆதலின் ஐம்பது வயதுத் தலைவி, முதிய தாய்க்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறாள். பாடசாலை செல்லும் கடைப்பிள்ளையைக் கவனிக்கிறாள். மூத்த மகளின் குழந்தையையும் மடியில் ஏந்துகிறாள். சீட்டுக்காசு கட்டும் நாளும், வயற்கூலி கொடுத்த கணக்கும் அவள் மனத்தில்தான் இருக்கின்றன. கைத்தறியில் அமர்பவளாயின் இழைகளையும் எண்ணியாக வேண்டும். சுருங்கச் சொன்னால், அவ்வீட்டின் நினைவேடு அவளே.

அந்த ஏட்டில் திடீரென எழுத்துக்கள் மங்குகின்றன. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. அறைக்குள் நுழைந்தவள் எதற்காக வந்தோம் என்று திகைத்து நிற்கிறாள். நெடுநாள் பழகிய அயலாளின் பெயர் நாவின் நுனிவரை வந்து திரும்பிவிடுகிறது. எண்ணிய கணக்கை மறுபடியும் எண்ணுகிறாள். வீட்டார் நகைக்கிறார்கள். அவளோ, தன் பாட்டிக்கு இறுதிக் காலத்தில் நேர்ந்த அறிவுமயக்கம் தனக்கும் வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறாள்.

இந்நிலையை ஆங்கில வைத்தியர்கள் 'மூளைப் பனிமூட்டம்' என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைக்கின்றனர். பொருத்தமான பெயரே. அதிகாலையில் வாவியின்மேல் பனி படிந்தால் அக்கரை மரங்கள் மறைந்துபோகின்றன, அழிந்துபோவதில்லை அன்றோ?

காரணம் யாது?

பெண்களுக்கு மாதவிடாய் ஒருநாளில் நின்றுவிடுவதில்லை. பெரும்பாலோர்க்கு அது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்த பின்னரே நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் முடிவு கட்டுவர். அதற்கு முன்னதாகச் சில ஆண்டுகள் நீடிக்கும் இடைக்காலம் ஒன்றுண்டு. மாதவிடாய் முந்தியும் பிந்தியும் வரும். மிகுந்தும் குறைந்தும் போகும். இக்காலத்திற்றான் நாம் கூறும் மறதி தோன்றுகிறது.

சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹோர்மோன் இக்காலத்தில் படிப்படியாகக் குறைவதில்லை. ஒருநாள் உயர்ந்தும் மறுநாள் தாழ்ந்தும் நிலைகுலைந்து நிற்கிறது. இது கருப்பைக்கு மாத்திரம் உரிய பொருள் என்று முற்காலத்தில் கருதினர். மூளைக்கும் அது வேண்டும் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1990 ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதரின் வூலி, புரூஸ் மக்கியூவன் முதலிய அறிஞர்கள் பெண் எலிகளின் மூளையை ஆராய்ந்தனர். நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், நரம்புக் கலங்களின் நுண்ணிய முகைகள் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து பெருகியும் அருகியும் வருவதை அவர்கள் கண்டனர். சில நாட்களுக்குள்ளேயே இம்மாற்றம் நிகழ்ந்தது.

இதனோடு உறக்கக் குறைவும் சேர்கிறது. இடைக்காலத்துப் பெண்கள் பலர்க்குத் திடீரென உடல் முழுதும் வெக்கை பரவும். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டும். உறக்கம் கலைந்தவளுக்கு மறுநாள் மனம் ஒருநிலைப்படுவது எங்ஙனம்?

ஆராய்ச்சி தரும் ஆறுதல்

"இது வெறும் மனப்பிராந்தி" என்று கூறுவோரும் உளர். அவர்கட்கு விடையாக ஓர் ஆராய்ச்சியைச் சொல்வோம். அமெரிக்காவில் பல இனப் பெண்களை நடுவயதிலிருந்து ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வொன்று 1990களில் தொடங்கிற்று. அதிற் சேர்ந்த 2,362 பெண்களின் நினைவாற்றலையும் சிந்தனை வேகத்தையும் அளந்த முடிவுகள் 2009 ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரே பரீட்சையைப் பலமுறை எழுதுவோர் பழக்கத்தினால் முன்னேறுவது இயல்பு. மாதவிடாய் நிற்குமுன்னைய இடைக்காலத்தில் இருந்த பெண்களிடம் அம்முன்னேற்றம் தடைப்பட்டது. ஆனால் மாதவிடாய் முற்றாக நின்றபின் இருந்தோரிடம் அது மீண்டும் காணப்பட்டது.

இம்முடிவு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, பெண்கள் கூறும் மறதி கற்பனையன்று. மற்றது, பெரும்பாலோர்க்கு அது தங்கிவிடும் கேடுமன்று. கடந்துபோகும் ஒரு காலம். இவ்வுண்மை தெரியாமையால் தம் தொழிலையும் பொறுப்பையும் உரிய காலத்துக்கு முன்னரே கைவிடத் துணியும் பெண்களின் நிலை இரங்கத்தக்கது.

எல்லாவற்றையும் வயதின்மேல் சுமத்தலாகாது

"வயது போய்விட்டது, இனி அப்படித்தான்" என்று வாளாவிருப்பதும் தவறு. இடைக்காலத்தில் உதிரப்போக்கு மிகுந்தால் இரும்புச்சத்துக் குறைந்து சோகை உண்டாகும். சோகையுற்றவளுக்கு அயர்வும் கவனக் குறைவும் வரும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மந்தமாயினும், விற்றமின் பி12 குறைந்தாலும், நீரிழிவு கட்டுக்கடங்காவிடினும் மறதி தோன்றலாம். இவை இரத்தப் பரிசோதனையால் அறியத்தக்கவை. உரிய சிகிச்சைக்கு இணங்குபவை. அறியாது விடுவதே நட்டம்.

மனத்துயரையும் மறத்தல் கூடாது. இன்று ஐம்பதை அணுகியும் கடந்தும் நிற்கும் இப்பகுதிப் பெண்கள், 1990 ஆம் ஆண்டில் ஏறாவூரும் சுற்றூர்களும் உயிர்களை இழந்த நாட்களை இளவயதிற் கண்டவர்கள். 2004 ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்டவர்கள். ஆறாத துயரும் நீங்காத மனச்சோர்வும் நினைவை மந்தமாக்கும். அதற்கும் வைத்தியம் உண்டு. அதனை நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

எப்பொழுது அஞ்ச வேண்டும்?

திறப்பை எங்கே வைத்தோம் என்று மறப்பது ஒன்று. திறப்பு எதற்குப் பயன்படுவது என்பதையே மறப்பது வேறொன்று. பெயர் மறந்து சற்றுப் பொறுத்து நினைவுக்கு வருமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. பழகிய தெருவில் வழி தவறுதல், சொன்னதையே அறியாது திரும்பத் திரும்பச் சொல்லுதல், நாள்தோறும் சமைத்த கறியைச் சமைக்கும் முறை தெரியாது நிற்றல், குணம் முற்றாக மாறுதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். மாதவிடாய் முற்றாக நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டாலும் உடனே காட்டவேண்டும். அது மறதியினும் அவசரமான விஷயம்.

எங்கே செல்வது?

இதற்காகக் கொழும்புக்குப் பயணம் செய்ய வேண்டுவதில்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களின் நலனுக்கென இலங்கைச் சுகாதாரப் பகுதியினர் 1996 ஆம் ஆண்டில் 'சுவநாரி' கிளினிக்குகளைத் தொடங்கினர். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பரிசோதிப்பர். மறதியையும் உறக்கமின்மையையும் அங்கேயே சொல்லலாம். நாளும் இடமும் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்டால் தெரியும். பிள்ளைப்பேற்றுக்கு மாத்திரந்தான் அவர் வருவார் என்று எண்ணுதல் வேண்டா. மேலும் பரிசோதனை தேவைப்படின் ஏறாவூர் ஆதார வைத்தியசாலையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் அண்மையிலேயே இருக்கின்றன.

ஹோர்மோன் மருந்தைப்பற்றியும் ஒரு சொல். வெக்கையும் இரவு வியர்வையும் மிகுந்த பெண்களுக்கு அது நற்பயன் தருவதுண்டு. உறக்கம் சீர்ப்பட, நினைவும் தெளிவதுண்டு. ஆயின் மறதி ஒன்றுக்காக மாத்திரம் அதனை உண்ணுமாறு வைத்தியர்கள் சொல்வதில்லை. 65 வயதைக் கடந்த 4,532 அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆராய்ச்சியில், அவ்வயதில் இருவகை ஹோர்மோன்களைச் சேர்த்து உண்டவர்களுக்கு அறிவுமயக்க நோய் கூடுதலாக வந்தமை 2003 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும் இரத்தம் உறையும் நோயுடையார்க்கும் அம்மருந்து பொதுவாகத் தகாது. ஆகவே, அயலவர் சொன்னார் என்று வாங்கி உண்ணாது, வைத்தியரின் தீர்ப்பின்படியே நடக்க வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கது

நாள்தோறும் அரைமணி நேரம் நடத்தல், இரவில் தேநீரை விலக்கல், குறித்த நேரத்தில் உறங்கல் ஆகிய எளிய பழக்கங்கள் பெரிதும் உதவும். திறப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஓரிடம் வகுத்து அங்கேயே வைத்தல் நன்று. ஒரு வேலை முடிந்தபின் மறுவேலை தொடங்கலாம். நினைவில் வைத்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் தோல்வியன்று. கடைக்காரர் கணக்கை எழுதிவைப்பது மறதியினாலா?

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உம்மாவோ அம்மாவோ சொன்னதையே இருமுறை கேட்டால் சினவாமல் இருமுறை விடை கூறுங்கள். "உங்களுக்கு மூளையில்லை" என்று விளையாட்டாகவும் சொல்லாதீர்கள். பாட்டியின் மருந்து வேளையை நீங்கள் பொறுப்பேற்கலாம். சீட்டுக்காசு கட்டும் நாளை நீங்கள் குறித்துவைக்கலாம். கணவன்மாரும் இரவில் அவள் உறக்கத்துக்கு இடையூறு நேராதவாறு வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முப்பது ஆண்டுகளாக வீட்டார் அனைவரின் பிறந்தநாளையும் நோயையும் பசியையும் நினைவில் வைத்திருந்தவள் அவள். சில ஆண்டுகள் அவளுக்காக நாம் நினைவில் வைத்திருப்பது உதவியன்று, கடன்.