வெள்ளாடு வளர்க்கும் பெண்களுக்குக் கைபேசியும் ஒரு கருவி

சிறு விவசாயக் குடும்பங்களில் வெள்ளாடு வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பாகவே உள்ளது. மேய்ப்பது, தழை ஒடித்துப் போடுவது, குட்டிகளைப் பேணுவது ஆகிய வேலைகளை அவர்களே செய்கின்றனர். ஆனால் வங்கிக்குச் செல்வதும், கால்நடை மருத்துவரிடம் கேட்பதும், வியாபாரியிடம் விலை பேசுவதும் வீட்டு ஆண்களின் வேலையாகிவிட்டது. ஆட்டை நன்கு அறிந்தவருக்குப் பேச வாய்ப்பில்லை. இந்நிலையை மாற்றலாம் என்பதைத் தேனி மாவட்டப் பெண்கள் செய்து காட்டினர்.

கடனில் கைபேசியும் சேர்ந்தது

காமன்வெல்த் கற்றல் நிறுவனம் உழவர்களுக்கான வாழ்நாள் கல்வித் திட்டம் ஒன்றை 2004-ல் தொடங்கியது. தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற தொண்டு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் இதை நடத்தியது. 2009-ம் ஆண்டு வாக்கில் சுமார் 300 பெண்கள் வெள்ளாடு வளர்ப்புக்குத் திட்டம் தயாரித்து வங்கியிடம் வைத்தனர். ஒருவருக்கு ஒன்பது பெட்டை ஆடுகள், ஒரு கிடா, இவற்றுடன் ஒரு கைபேசி என்பது அவர்கள் கேட்ட கடன். உழவுக்குக் கலப்பை போல ஆடு வளர்ப்புக்குக் கைபேசியும் ஒரு கருவி என்று கணக்கில் சேர்க்கப்பட்டது. கடன் பெண்ணின் பெயரில் வந்ததால் கைபேசியும் அவர் கையில் இருந்தது.

காதால் கேட்டுக் கற்றல்

எழுத்தில் செய்தி அனுப்பினால் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பயன்படாது. எனவே ஆடு வளர்ப்பு பற்றிய சிறு சிறு பாடங்கள் தமிழில் குரல் செய்தியாகவே அனுப்பப்பட்டன. வகுப்புக்கென்று வேலையை விட்டு வர வேண்டியதில்லை. மேய்ச்சல் காட்டிலிருந்தபடியே கேட்கலாம். கேட்டதைக் குழுக் கூட்டத்தில் பேசித் தெளிவு பெறலாம்.

காலத்தில் தெரிந்தால் லாபம்

வெள்ளாட்டின் சினைக் காலம் ஏறக்குறைய 150 நாட்கள். சினைக்கு விட்ட தேதியைக் குறித்து வைத்தால் ஈனும் நாளை முன்பே அறிந்து கவனிக்கலாம். மழைக் காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்த பின் போடலாம். குடற்புழு நீக்க மருந்தை ஆட்டின் எடைக்கு ஏற்பவே கொடுக்க வேண்டும். சினை ஆட்டுக்கு மருத்துவரைக் கேட்ட பின்பே கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பட்டியில் பல ஆடுகள் மடியலாம். கடன் தவணையோ நிற்காது. உரிய நாளில் காதில் விழும் ஒரு செய்தி இந்த நஷ்டத்தைத் தடுக்கும்.

கேட்டுப் பெறும் துணிவு

விவரம் தெரிந்தவர் கேள்வி கேட்கத் தயங்குவதில்லை. இன்ன நோய்க்கு இன்ன தடுப்பூசி என்று அறிந்த பெண், முகாம் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். ஊரில் எத்தனை ஆடுகளுக்குத் தடுப்பூசி போடவில்லை என்று குழுவாகக் கணக்கெடுத்து, மனுவாக எழுதி, கிராம சபையில் வைக்கலாம். ஒருவர் கேட்பதை விடக் குழுவாகக் கணக்கோடு கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

காப்பீட்டிலும் இதுவே வழி. காப்பீடு செய்த ஆட்டின் காது வில்லை எண் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். ஆடு இறந்தால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். காது வில்லையும் மருத்துவர் சான்றும் இல்லாவிடில் இழப்பீடு கிடைப்பது கடினம்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

• கைபேசி இணைப்பு அவரவர் பெயரில் இருக்கட்டும். வங்கிக் கணக்கிலும் அந்த எண்ணையே கொடுக்கவும். கடன், மானியம் பற்றிய செய்தி நேரே வந்து சேரும்.

• வங்கியின் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கி ஊழியர்கள் அதைக் கேட்பதில்லை.

• விவசாயம், கால்நடை பற்றிய சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் இலவசமாகக் கேட்கலாம்.

• கால்நடை அவசர சிகிச்சைக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

• ஆட்டை விற்குமுன் எடை போட்டு, இரண்டு மூன்று சந்தைகளின் விலையைக் கைபேசியில் விசாரிக்கவும். கண் மதிப்பில் விற்றால் நஷ்டம் வளர்த்தவருக்கே.

வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அதுவும் ஆண்களின் சட்டைப் பையில் இருக்குமானால், மேலே சொன்ன எதுவும் ஆடு வளர்ப்பவரைச் சென்றடையாது. ஆடு வாங்கக் கடன் திட்டம் போடும் குழுக்கள், தீவனம், கொட்டகைச் செலவுகளுடன் உறுப்பினருக்கு ஒரு கைபேசியையும் சேர்த்துக் கேட்பது நலம்.