கழுத்தில் விழுந்த மாலை

சருமத்தில் ஒரு தடிப்போ கரும்படையோ தோன்றிய மாத்திரத்தில் நம் கை களிம்பு டப்பியை நாடுகிறதே ஒழிய, சென்ற சில மாதங்களாக இலையில் என்ன விழுந்தது, என்ன விழாமற்போயிற்று என்று எண்ணிப் பார்க்க மனம் செல்வதில்லை. வைத்திய உலகமும் இருநூறு ஆண்டுக் காலம் இதே பிழையைச் செய்தது என்பதற்குப் பெல்லக்ரா என்னும் வியாதியின் சரித்திரமே சாட்சி.

ஸ்பெயினின் வடபகுதியாகிய அஸ்டூரியாஸில் வைத்தியம் பார்த்துவந்த காஸ்பர் காசால் என்பவர், 1735-ஆம் ஆண்டில், ஏழைக் குடியானவர்களிடையே இந்நோயைக் கண்டு எழுதிவைத்தார். வெயில் படும் இடங்களாகிய புறங்கைகளிலும் பாதங்களின் மேற்புறத்திலும் தோல் முதலில் சிவந்து, பின்னர் கறுத்துத் தடித்து, செதில் செதிலாக உரிந்தது. கழுத்திலோ, யாரோ மாலை சூட்டிச் சென்றாற்போல அந்தத் தடம் வளைந்து கிடந்தது. 'காசாலின் கழுத்து மாலை' என்று வைத்திய நூல்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகின்றன. பிற்பாடு, 1771-இல், இத்தாலிய வைத்தியர் ஒருவர், சொரசொரத்த தோல் என்று பொருள்படும் நாட்டுப்புறச் சொல்லாகிய 'பெல்லக்ரா'வை நூலேற்றினார். பெயர் தோலைச் சுட்டினாலும் நோய் தோலோடு நின்றுவிடுவதில்லை. பேதியாக வயிற்றுக்குள் இறங்கி, சித்தப்பிரமையாகத் தலைக்கேறி, கவனிப்பாரில்லாவிட்டால் மரணத்தில் முடியும்.

இந்த வியாதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் பரவியபோது, கிருமியே காரணம் என்று ஒரு விசாரணைக் குழுவே முடிவு கட்டியது. அந்த முடிவை நாம் ஏளனம் செய்வதற்கில்லை; ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராகவும், ஒரே தெருவில் வீடு வீடாகவும் வந்த நோயைத் தொற்று என்று எண்ணாமல் வேறென்னவென்று எண்ணுவது? ஒரு தெருவார் ஒரே காற்றைச் சுவாசிப்பதுபோல ஒரே தரித்திரத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது மட்டும் அக்குழுவினருக்குப் புலப்படவில்லை.

அதைக் கண்டவர் ஜோசப் கோல்ட்பர்கர். ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு பிராயத்திலேயே நியூயார்க்கில் குடியேறிய இவர், அரசாங்கப் பொதுச் சுகாதார இலாகாவின் ஆணைப்படி 1914-இல் தெற்கே சென்று, அநாதை விடுதிகளையும் மனநோய் விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். நோயாளிகளுடன் அல்லும் பகலும் புழங்கும் தாதியருக்கும் சிப்பந்திகளுக்கும் நோய் வருவதே இல்லை. மிஸ்ஸிஸிப்பியின் ஜாக்ஸன் நகர அநாதை விடுதிகளிலோ, 6 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளையே நோய் தேடிப் பிடித்தது. ஏனெனில் அதற்கு இளைய குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது, மூத்தவர்கள் வேலை செய்கிறவர்களாதலால் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது, நடுவிலிருந்தவர்களுக்கு மக்காச்சோள மாவும் பாகுமே கிடைத்தன. எல்லோருக்கும் பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டில் நோய் அங்கே ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

உணவால் போகும் நோயை உணவால் வரவழைக்கவும் இயலுமா? 1915-இல், மன்னிப்பு அளிப்பதாக ஆளுநர் வாக்களித்ததன்பேரில் சிறைப் பண்ணை ஒன்றின் கைதிகள் அதற்கு உடன்பட்டனர். திடகாத்திரமாயிருந்த அந்த 11 பேருக்கும் மாதக்கணக்கில் மாவும் அரிசியும் பாகும் போன்ற தென்னாட்டு ஏழைச் சாப்பாட்டையே கொடுத்துவர, 6 பேருக்குத் தோலில் பெல்லக்ரா கண்டது. அப்படியும் எதிரிகள் வாய் அடங்காதபடியால், கோல்ட்பர்கர் தாமும் தம் சகாக்களுமாக, நோயாளிகளின் இரத்தத்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டும், உரிந்த தோற்செதில்களையும் மலமூத்திரத்தையும் மாவில் உருட்டி விழுங்கியும், தொற்று இல்லை என்பதைத் தம் உடம்பிலேயே நிரூபித்தார். அவருடைய மனைவி மேரியும் அந்த இரத்த ஊசிக்குக் கை நீட்டினார். அருவருப்பான காரியந்தான், ஆனால் ஒருவருக்கும் நோய் வரவில்லை.

தென் கரோலினாவின் நெசவாலைக் கிராமங்களில் எட்கர் ஸைடன்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளாதார நிபுணருடன் சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சியையே நான் எல்லாவற்றினும் மேலாக மதிப்பேன். 'நல்ல நிலம்' நாவலை எழுதிய பெர்ல் பக் அம்மையாரின் தமையனார் அந்த நிபுணர். குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய நோய் பெருகுவதை இருவரும் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். தென்னாட்டில் வாசற்படி வரையில் பருத்தியே விதைக்கப்பட்டமையால், ஒரு பசுவைக் கட்டவோ நான்கு கறிகாய்ச் செடி வைக்கவோ இடமில்லை. மழித்த தலைபோல் கிடந்த அந்தக் கொல்லையில்தான் நோயின் வேர் இருந்தது. 1921-இல் பருத்தியின் விலை வீழ்ந்தபோது பெல்லக்ரா பெருகும் என்று கோல்ட்பர்கர் எச்சரித்ததற்கு, தங்கள் பிரதேசத்தை அவமதித்துவிட்டதாகத் தென்னாட்டு அரசியல்வாதிகள் சீறினார்கள். நோயைவிட நோயின் காரணத்தைச் சொல்வதே குற்றமாகிவிடுவது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கந்தான். மலிவான ஈஸ்ட்டே இந்நோயைத் தீர்க்கும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டு, கோல்ட்பர்கர் 1929-இல் புற்றுநோயால் காலமானார். குறைபட்ட சத்து நயாசின் என்னும் பி வகை வைட்டமின் என்பதை விஸ்கான்சினில் எல்விஜெம் என்பவர் 1937-இல்தான் கண்டார்.

நயாசின் குறைந்தால் சருமத்துக்கு ஏன் கேடு? உயிரணுக்கள் உணவைச் சக்தியாக மாற்றவும், வெயிலின் கதிர்களால் நேர்ந்த சேதத்தைச் செப்பனிடவும் அது வேண்டும். ஆகவே, ஓயாமல் தம்மைப் புதுப்பித்துக்கொண்டேயிருக்கும் தோலும் குடலுமே முதலில் தள்ளாடுகின்றன. பாலில் நயாசின் சொற்பமே இருந்தும் பால் குடித்தவர்கள் பிழைத்த மர்மமும் பின்னால் விளங்கிற்று: பாலின் புரதத்திலுள்ள டிரிப்டோஃபேன் என்னும் பொருளிலிருந்து, சுமார் 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம் வீதம், உடம்பே நயாசினைத் தயாரித்துக்கொள்கிறது. மக்காச்சோளத்திலோ டிரிப்டோஃபேன் குறைவு. இருக்கிற நயாசினும் குடலால் அவிழ்க்க முடியாத முடிச்சாகக் கட்டுண்டு கிடக்கிறது. நம் ஊரில் அலட்சியமாகக் கொறித்துத் தள்ளும் வேர்க்கடலை, இந்தச் சத்தில் செல்வச் செழிப்புள்ளது என்பதை இங்கே சொல்லாமற்போக மனம் வரவில்லை.

மக்காச்சோளத்தை நம்பியிராத தக்காணத்து ஏழைகளுக்கும் இந்த மாலை விழுந்தது. அவர்கள் உண்டது நாம் சோளம் என்று சொல்லும் தானியம். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூரிலிருந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த போஷாக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்ரீகண்டையா என்பவருடன் இதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்னும் புரதக்கூறு நயாசின் விஷயத்தில் குழப்பம் விளைவிக்கிறது என்று 1960-இல் எழுதினார். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆயினும், கறிகாயும் பருப்பும் மோரும் சேராமல் சோளமே காலையும் மாலையும் சோறாக இருந்த வீடுகள் அவை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

இத்தனைக்கும், மக்காச்சோளத்தின் தாயகமாகிய மெக்ஸிகோவில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதையே உண்டவர்களுக்குப் பெல்லக்ரா பெரிதாக வந்ததில்லை. ஐரோப்பியர்கள் தானியத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, பக்குவத்தைக் கரையிலேயே விட்டுச் சென்றார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு அந்தப் பக்குவம் வியப்பாயிராது. தோல் எளிதில் கழலட்டும் என்று மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கிறார்கள் அந்நாட்டுப் பெண்கள். கட்டுண்ட நயாசினும் அதில் அவிழ்ந்துவிடுகிறது. இரவெல்லாம் ஊறிய மணிகளை விடியற்காலையில் தேய்த்துக் கழுவி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்து, சூடான ஓட்டில் ரொட்டி தட்டிப் போடுகிறார்கள்.