தியேட்டர் தவறவிட்ட ‘தியா’

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. கர்நாடகத் திரையரங்குகளில் ‘தியா’ என்றொரு கன்னடக் காதல் படம் வெளியானது. இயக்குநர் கே.எஸ்.அசோகா, 2013இல் ‘6-5=2’ என்ற திகில் படத்தால் அறியப்பட்டவர். அஜனீஷ் லோக்நாத்தின் பின்னணி இசை உண்டு, பாடல்கள் கிடையாது. நாயகி குஷி ரவியைப் பலருக்குத் தெரியாது. நாயகர்களில் ஒருவரான பிருத்வி அம்பர், துளு சினிமாவிலிருந்து வந்தவர்.

அரங்குகள் நிறையவில்லை.

படம் மோசமா? துளியும் இல்லை. தியா வாய்விட்டுப் பேசத் தயங்கும் பெண். கல்லூரியில் ரோஹித்தை மனதுக்குள்ளேயே நேசிக்கிறாள். சொல்வதற்குள் அவன் போய்விடுகிறான். ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்திக்கிறார்கள். காதல் கைகூடும் நேரத்தில் ஒரு விபத்து. ரோஹித் இறந்துவிட்டதாக அவளுக்குச் சொல்லப்படுகிறது. உயிரை விடத் துணிந்தவளை வாழ்க்கைக்குத் திருப்புகிறான் ஆதி. ஆதிக்கும் அவன் அம்மாவுக்கும் இடையிலான பாசம்தான் படத்தின் உயிர். அம்மாவாக வரும் பவித்ரா லோகேஷ், அந்த வீட்டுக்குள் நம்மையும் உட்கார வைத்துவிடுகிறார். முடிவு நெஞ்சை உலுக்கும்; அதை இங்கே சொல்வது நியாயமில்லை.

இத்தகைய படத்துக்குக் கூட்டம் மெதுவாகத்தான் சேரும். கன்னடத்தில் காதல் படங்களுக்கு முதல் விளம்பரமே பாடல்கள்தாம். 2006 டிசம்பர் கடைசியில் வந்த ‘முங்காரு மளே’யை நினைத்துப் பாருங்கள். மனோமூர்த்தி இசையும் ஜயந்த் காய்கிணியின் வரிகளும் ஊரெல்லாம் ஒலிக்க, பெங்களூரு மல்டிபிளெக்ஸில் அது ஓராண்டுக்கு மேல் ஓடியது. ‘தியா’வுக்கு அந்தத் துணை இல்லை. நட்சத்திர ரசிகர்களும் இல்லை. பார்த்தவர் சொல்லி அடுத்தவர் வந்தால்தான் உண்டு. அதற்குத் தேவை அவகாசம்.

அந்த அவகாசம்தான் கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வரும் படத்தின் அடுத்த வாரத் தலையெழுத்து திங்கட்கிழமை வசூலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பெங்களூரு மல்டிபிளெக்ஸ்களில் இந்தி, தெலுங்கு, தமிழ், ஆங்கிலப் படங்களும் அதே திரைகளுக்குப் போட்டியிடும். ஒற்றைத் திரை அரங்குகள் பலவற்றில் வாடகை முறை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தயாரிப்பாளர் பணம் கட்டியாக வேண்டும். சின்னப் படக்காரர் எத்தனை வாரம் தாங்குவார்?

ஒரு வாரம் முன்னதாக, ஜனவரி 31 அன்று வந்த ‘லவ் மாக்டெய்ல்’ இதே நெருக்கடியைச் சந்தித்தது. டார்லிங் கிருஷ்ணா இயக்கி நடித்து, மிலனா நாகராஜுடன் சேர்ந்து தயாரித்த படம். தொடக்க நாட்களில் கூட்டமில்லை. ஆனால் பார்த்தவர்களின் வாய்மொழி சரியான நேரத்தில் கைகொடுக்க, காட்சிகள் கூடின. ‘தியா’வுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மார்ச் நடுவில் கொரோனாவால் மாநிலத்தின் அரங்குகள் எல்லாமே மூடப்பட்டன.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். ஊரடங்கில் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் அமேசான் பிரைமில் ‘தியா’வைக் கண்டுபிடித்தார்கள். தூங்கவிடாமல் செய்த படம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கன்னடம் அறியாதவர்களும் சப்டைட்டிலோடு பார்த்தார்கள். அக்டோபரில் பாதி இருக்கைகளோடு அரங்குகள் திறந்தபோது, மீண்டும் திரையிடப்பட்ட படங்களில் ‘தியா’வும் இருந்தது. 2021இல் தெலுங்கில் ‘டியர் மேகா’வாகவும், 2022இல் அசோகாவின் இயக்கத்திலேயே இந்தியில் ‘டியர் தியா’வாகவும் மறுஆக்கம் கண்டது. இந்தியிலும் ஆதியாக பிருத்வி அம்பரே நடித்தார். ரோஹித்தாக நடித்த தீக்‌ஷித் ஷெட்டி, 2023இல் நானியின் ‘தசரா’வில் முக்கிய வேடம் ஏற்றார்.

ஆக, ரசிகர்கள் ‘தியா’வை நிராகரிக்கவில்லை, படம் அவர்களைச் சென்று சேர்வதற்குள் திரைகள் கைமாறிவிட்டன. ஓடிடி காப்பாற்றியது என்று நிம்மதி அடைவதற்கில்லை. ஊரே முடங்கிக் கிடந்த ஓர் அசாதாரண காலம் அந்தப் படத்துக்கு உதவியது. அடுத்த சின்னப் படத்துக்கு அப்படியொரு காலம் வராது, வரவும் வேண்டாம். மல்டிபிளெக்ஸ் நிர்வாகங்கள் நல்ல பெயர் எடுக்கும் சின்னப் படங்களுக்கு இரண்டாவது வாரமும் ஒரு மாலைக் காட்சியையாவது ஒதுக்க வேண்டும். அது நடக்கும்வரை, பார்க்கலாம் என்று நினைக்கும் படத்தை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.