புது வீட்டு வாசனை... உஷார்!

"வாசனையைப் பார்த்தியா? எல்லாமே புத்தம் புதுசு!"

ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட். கிரகப்பிரவேசம் முடிந்து பத்தே நாள்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்த தோழி பெருமையோடு சொன்ன முதல் வார்த்தை அதுதான். சுவரெல்லாம் பளபள பெயின்ட். சமையலறை முழுக்கப் பலகை அலமாரி. படுக்கையறையில் கூரை வரை உயர்ந்து நிற்கும் வார்ட்ரோப். தூசி வரக்கூடாதென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி ஏ.ஸி. போட்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் உட்கார்ந்ததுமே எனக்குக் கண் எரிய ஆரம்பித்தது. உள்ளே ஆறு வயதுப் பையன் இருமிக்கொண்டிருந்தான்.

"பழைய வீட்டுல மாசத்துக்கு ஒரு தடவை வீஸிங் வரும். இங்கே வந்த பத்து நாள்ல மூணு தடவை நெபுலைஸர் வெச்சாச்சு. எதிர்ல பழைய பங்களாவை இடிக்கிறாங்க இல்லே, அந்தத் தூசிதான்..." என்றாள் தோழி.

"தூசியாவது கண்ணுக்குத் தெரியுது. இந்த வாசனை என் தலையைப் பிளக்குது. சொன்னா யார் கேக்கறாங்க?" என்றார் அவளுடைய மாமியார்.

பாட்டி சொன்னதைத்தான் பையனைப் பார்க்கும் டாக்டரும் கேட்டாராம்: "வீட்ல புதுசா என்ன மரவேலை, பெயின்ட் வேலை செஞ்சீங்க?"

சுற்றுச்சூழல் என்றதும் நமக்குக் காடு, கடல், ஆலைப் புகை இவைதான் ஞாபகத்துக்கு வருகின்றன. நாம் அதிக நேரம் சுவாசிக்கும் காற்றோ நம் வீட்டுக்குள் இருப்பதுதான்! வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளையும் இரண்டே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். 'இதை என் குழந்தை சுவாசிக்கலாமா?' 'இதைக் கழுவிவிட்டால், தூக்கிப் போட்டால், எங்கே போய்ச் சேரும்?' இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அது உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

பலகைக்குள் ஒளிந்திருக்கும் வாயு

ப்ளைவுட், எம்.டி.எஃப்., மரத்தூள் பலகை இவையெல்லாம் மரத்தையோ மரத்தூளையோ பசை போட்டு அழுத்திச் செய்பவை. அந்தப் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது. பலகை அறுபட்டு அலமாரியாகி வீட்டுக்கு வந்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாக வெளியேறும். முதல் சில மாதங்களில் அதிகம். பிறகு குறைந்துகொண்டே வரும். வெயிலும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் வேகமாக வரும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லையே!

கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி எல்லாம் இதனால் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று வகைப்படுத்தியது. பயந்துபோய் அலமாரியை உடைக்க வேண்டாம். தொழிற்சாலையில் வருஷக்கணக்காகச் சுவாசிப்பதும், வீட்டு அலமாரியிலிருந்து வருவதும் ஒரே அளவு இல்லை. ஆனால் குறைக்க முடிந்ததைக் குறைக்கலாம் இல்லையா?

வாங்கும்போதே 'இ-1' அல்லது 'இ-0' ரகப் பலகையா என்று கேளுங்கள். வாயு குறைவாக வெளிவரும் பலகைக்கான குறியீடுகள் இவை. அலமாரியின் உள்பக்கம், ஓரம், ஆணி அடித்த துளை என்று எங்கேயும் பலகை மொட்டையாகத் தெரியக்கூடாது. லேமினேட் ஒட்டி மூடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உடனே குடிபோக வேண்டாம். எல்லாக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டு, சில வாரங்களாவது வீட்டை ஆறவிடுங்கள். 'நாலு தொட்டிச் செடி வெச்சா காத்து சுத்தமாயிடும்' என்பதை நம்பாதீர்கள். செடி கண்ணுக்கு அழகு. காற்றைச் சுத்தம் செய்யத் திறந்த ஜன்னல்தான் வேண்டும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டும்போது தேக்குக் கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் கிடைக்கும். அவற்றை இழைத்து அலமாரியும் கட்டிலும் செய்துகொள்ளலாம். பசை வாசனை இல்லை. புதிதாக ஒரு மரத்தை வெட்டவும் வேண்டாம்.

பெயின்டில் இரண்டு வில்லன்கள்

ஒன்று, வாசனையாக வரும் ரசாயன ஆவி. தண்ணீரில் கலக்கும் எமல்ஷனில், 'லோ வி.ஓ.ஸி.' என்று போட்ட டப்பாவாகப் பார்த்து வாங்கினால் இது வெகுவாகக் குறையும்.

இன்னொன்று காரீயம். இதற்கு வாசனையே கிடையாது! குழந்தையின் மூளை வளர்ச்சியை, படிக்கும் திறனைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது; 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் ஜன்னல் கம்பியிலும் கதவிலும் அடித்த எனாமல் பெயின்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மந்தைவெளி, ஆர்.ஏ.புரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மறுபடி பெயின்ட் அடிக்கும்போது உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூள்தான் விஷம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

நம்ம ஊர்க் கட்டடம், நம்ம ஊர் வெயில்

இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் செட்டிநாட்டுக்காரர். அந்த ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த கூரை, நடுவில் முற்றம், சுண்ணாம்புப் பூச்சு, காலடியில் ஆத்தங்குடிக் கல். மணலும் சிமென்டும் சாயமும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தும் கல் அது. சூளையில் சுடுவதே இல்லை. எரிபொருள் மிச்சம். வெறுங்காலால் நடக்க நடக்கத் தானே பளபளக்கும்!

ஃப்ளாட்டில் முற்றம் வைக்க முடியாதுதான். ஆனால் எதிரெதிரே இரண்டு ஜன்னல் கேட்கலாம். வெயில் படும் ஜன்னலுக்கு மேலே நீளமான சஜ்ஜா கேட்கலாம். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலோ, வெள்ளை ஓடு பதித்தாலோ மேல்தளத்து வீட்டில் சூடு குறையும், ஏ.ஸி. ஓடும் நேரமும் குறையும். ஏ.ஸி.யை 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். பில் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் செங்கல்லைக் கேட்டு வாங்கலாம். அதற்கு வயல் மண்ணைத் தோண்ட வேண்டாம், சூளை வைக்கவும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மட்டும் கார் ஷெட்டுக்குக்கூட வேண்டாம். உடையும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் இழை நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும்.

குளியலறையிலிருந்து கழிமுகத்துக்கு

நீங்கள் தலைக்குக் குளித்த நுரை எங்கே போகிறது? சென்னையில் சாக்கடைத் தண்ணீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஒரு பகுதி மழைநீர் வடிகாலில் கலந்து, ஆற்றில் சேர்ந்துவிடுகிறது. ஆர்.ஏ.புரத்துக்காரர்களுக்கு அந்த ஆறு கூப்பிடு தூரத்தில்! குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரைச் சீர்செய்து, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். சதுப்புநிலச் செடிகள் நட்டார்கள். பறவைகள் திரும்பி வந்தன. நம் வீட்டுக் குழாய் வழியே போகும் பாஸ்பேட்டும் பிளாஸ்டிக் துகளும் அந்த நீரைத்தான் பாதிக்கின்றன.

அதற்காகக் குளிக்காமல் இருக்க முடியுமா? குறைத்தாலே போதும். தலைக்குச் சீயக்காயும் வெந்தயமும், உடம்புக்குப் பயத்தம் மாவும் நம் பாட்டிகளின் ஷாம்புவும் ஸ்க்ரப்பும்தானே! (வீஸிங் உள்ளவர்கள் பொடியைத் தூவாமல் தண்ணீரில் குழைத்துத் தேய்க்க வேண்டும்.) பட்டுப் புடவைக்குப் பூந்திக்கொட்டை. கை கழுவச் சாதாரண சோப்பே போதும். கிருமிநாசினி கலந்த சோப்பு அதைவிட உசத்தி என்பதற்கு ஆதாரம் இல்லையென்று, டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களைக் கை கழுவும் சோப்புகளிலிருந்து 2016-ல் நீக்கச் சொன்னது அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ.

மாதவிலக்கு நாட்களுக்கு, துவைத்து வெயிலில் உலர்த்தும் துணி நாப்கின், பல வருஷம் உழைக்கும் சிலிக்கான் கப் இரண்டும் இருக்கின்றன. துணியை மறைவான இருட்டு மூலையில் காயப்போடாதீர்கள். வெயில்தான் அதற்கு மருந்து.

பாத்ரூம் கழுவும்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

'இயற்கை' என்றாலே நல்லதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். கொசுவர்த்திச் சுருள் வேண்டாமென்று சாம்பிராணி போடுகிறோம். இரண்டும் புகைதானே! ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்த அளவுக்கு நுண்துகள் வெளியேறுவதாக 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லியது. குழந்தைக்குத் தலைமுடி உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூடிய அறையில் ஊதுவத்தியை வரிசையாகக் கொளுத்துவதும் இழுப்புள்ள வீட்டில் வேண்டாம். ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை, புகையே இல்லை.

அந்துருண்டையும் அப்படித்தான். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டை வாசனை ஏறிய துணியாலேயே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். குழந்தைத் துணிக்கு வேப்பிலையும் வெயிலும் போதும். பூஜை அறைக் கற்பூரம் வெள்ளைவெளேரென்று கல்கண்டு மாதிரி இருக்கும். குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வானம் தரும் தண்ணீர்

கடலோரப் பேட்டையில் போர் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். சேகர் ராகவன் 1990-களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைநீரைச் சேமிக்கச் சொன்னார். 2002-ல் பக்கத்து மந்தைவெளியில் 'மழை இல்லம்' திறக்கப்பட்டது. எப்படிச் சேமிப்பது என்று மாதிரிகள் வைத்தே விளக்கினார்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது.

கணக்கைப் பாருங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர்! சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் லிட்டரைக் கிணற்றுக்கு அனுப்பலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உங்கள் அபார்ட்மென்டில் குழாய் இருக்கும். அடைத்துக் கிடக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் பார்த்துப் பிரயோஜனமில்லை.

இன்றே தொடங்க...

* அதிகாலையிலும், இடிக்கும் வேலை நின்ற பிறகு ராத்திரியிலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
* தரையை ஈரத் துணியால் துடையுங்கள்.
* புது ஃபர்னிச்சரைக் குழந்தை தூங்கும் அறையில் வைக்காதீர்கள்.
* 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று எழுதியிருப்பதற்காக மட்டும் எதையும் வாங்காதீர்கள். இருப்பதை உழைக்கவிடுவதே முதல் சேமிப்பு.
* வீட்டை எவ்வளவு மாற்றினாலும், டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

தோழி வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். புது வார்ட்ரோப் காலியாக, கதவுகள் திறந்தபடி நின்றது. பலகை ஓரமெல்லாம் லேமினேட் ஒட்டி மூடியிருந்தது. பையன் பாட்டியின் அறைக்கு இடம் மாறியிருந்தான். அங்கே இருப்பது அவருடைய அம்மா வீட்டுச் சீராக வந்த தேக்கு பீரோவும் ஒரு கொசுவலையும்தான். சுருள் ஏற்றுவதில்லை.

"வீஸிங் அடியோட போயிடலை. ஆனா இந்த மாசம் நெபுலைஸரை வெளியில எடுக்கவே இல்லை. இன்ஹேலர் மட்டும் நடக்குது" என்றாள்.

பாட்டி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். கடல் காற்று வீசியது.

"ஜன்னலைத் திறங்கடீன்னு முதல் நாள்லேர்ந்து சொல்றேன். அதையே டாக்டர் சொன்னாத்தான் கேப்பாங்களாம்!"