வானின் நிறமும் மூலக்கோப்பும்

வானியல் வண்ணப்படங்களைக் கண்டு வியக்கும் நாம், அவ்வண்ணம் பிறக்கும் முறையை எண்ணிப் பார்ப்பது அரிது. படக்கருவியின் உணரி நிறம் அறியாது; ஒளியின் அளவையே அறியும். 1976-இல் பிரைசு பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி, அதன்மீது நுண்வடிகட்டிகள் பொருத்தப்படுகின்றன. நான்கு புள்ளிகளுள் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தையே அளக்கும். ஏனைய இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கப்படும். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யானின் வண்ணப் படக்கருவியும் இவ்வகையினதே.

ஆகவே, கோப்பைக் கையாளும் வரிசை பிறழலாகாது. முதலில், மூடியிட்டு அதே நேர அளவில் எடுத்த இருள்படத்தைக் கழித்தல் வேண்டும். அடுத்து, சீரான ஒளியில் எடுத்த சமன்படத்தால் வகுத்தல் வேண்டும். அதன் பின்னரே நிறங்களைக் கணித்தல் தகும். முந்திக் கணித்தால், ஒரு புள்ளியின் பழுது அண்டைப் புள்ளிகளுக்கும் பரவி, இல்லாத விண்மீனாய்த் தோன்றும். வடிகட்டிகளின் அடுக்கைத் தவறாகக் குறித்தாலோ சிவப்பும் நீலமும் இடம்மாறும். செந்நிறத் திருவாதிரை நீலமாகிவிடும்.

ஆழ்வார்பேட்டை மாடியிலிருந்து படமெடுப்போர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. தெருவிளக்குகள் வானப் பின்னணிக்கு ஏற்றும் சாயத்தை, மூன்று நிறங்களிலும் தனித்தனியே அளந்து கழித்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் தலையாயது, மூலக்கோப்பை மாற்றாது காத்தல். ஜேபெக் கோப்பு ஒரு நிறத்திற்கு 256 படிகளையே தாங்கும். 16 பிட் ஃபிட்ஸ் கோப்போ 65,536 படிகளைத் தாங்கும். மங்கிய நெபுலாவின் ஒளி அந்நுண்படிகளிலேயே உறைகின்றது. அழகுக்காக நிறங்கூட்டுதல் குற்றமன்று. கூட்டியதை அளந்ததாகக் காட்டுதலே குற்றம். மூலச்சுவடியைப் பேணிப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியரின் நேர்மை இங்கும் வேண்டும் என்பதே நம் துணிபு.